பொருளடக்கத்தில் இறால்

ஐயோ, கையை எடுங்க தம்பி, கையை எடுங்க. இனிமே ஒண்ணும் அழுத்தாதீங்க. எதை அழுத்தினாலும் இப்ப இதையேதான் காட்டும். ஆமா, எனக்கும் தெரியுது. வரிக்கு வரி, பக்க எண் இருந்த இடத்துல எல்லாம் எர்ரர் எர்ரர்னு கொட்டை எழுத்துல நிக்குது. பொருளடக்கம் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அது உங்ககிட்ட எப்பவுமே இருந்ததில்லன்னு அர்த்தம். மூச்சு விடுங்க முதல்ல. யூனிவர்சிட்டி ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் தொறந்திருக்கும், என் கடையிலேருந்து தெருவைத் தாண்டினா அவங்க வாசல். தீசிஸை இன்னிக்கே உள்ள குடுத்துடலாம்.

சரி, உண்மையைச் சொல்லுங்க. இதை எங்கேருந்து தூக்கிட்டு வந்தீங்க? இல்ல இல்ல, நீங்க பண்ணல. நீங்க பண்ணியிருந்தா இப்படி ஆகாது. சீனியரோடதா? அப்படிச் சொல்லுங்க. அவர் ஃபைல்லேருந்து வெட்டிட்டு வந்து ஒட்டி, அவர் தலைப்பை அழிச்சு அழிச்சு உங்க தலைப்பை அடிச்சிருக்கீங்க. எப்படிக் கண்டுபிடிச்சேனா? நீங்க எதைப் பத்தி எழுதியிருக்கீங்க? கான்கிரீட் சுவத்துல விரிசல் எப்படி விழுதுன்னு. நல்ல விஷயம். அப்ப இங்க நாலாவது அத்தியாயத்துக்குக் கீழ, இறால் குட்டைகளில் உப்பின் அளவுன்னு ஒரு வரி இருக்கே, அது என்ன? சுவத்துக்குள்ள இறால் வளக்கறீங்களா?

சிரிங்க, சிரிங்க. சிரிக்க முடியுதுல்ல, அதுவே பெருசு. இந்த நாற்காலில உக்காந்து இந்த எர்ரரைப் பாத்துட்டு சிரிச்சவங்க ரொம்பப் பேர் இல்ல. ஒருத்தர் மௌஸைத் தூக்கி அந்தச் சுவத்துல அடிச்சார். அதோ, பெயின்ட் பேந்திருக்கு பாருங்க, உங்க ஆராய்ச்சிக்கு உதவும். இன்னொருத்தர் பக்கத்துல பையைப் பிடிச்சுட்டு நின்ன பொண்டாட்டியைப் பாத்து, நீ தொணதொணன்னு பேசினதாலதான் இப்படி ஆச்சுன்னு கத்தினார். அந்தப் பொண்ணு அதுவரைக்கும் வாயையே தொறக்கல. நான் என் பொண்ணுகிட்ட எப்பவும் சொல்றது அதான். ஒரு ஆம்பளையை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ குடுத்துப் பாத்துப் பிரயோஜனமே இல்ல, எல்லாரும் நல்ல பிள்ளையாத்தான் உக்காந்திருப்பாங்க, தீசிஸ் குடுக்கற நாள்ல பாக்கணும்னு.

அது கிடக்கட்டும். யூனிவர்சிட்டியே டெம்ப்ளேட் குடுத்திருப்பாங்களே? அதுல பொருளடக்கம் தயாரா இருக்குமே, நாம தலைப்பை மட்டும் சரியாப் போட்டா தானா வந்து நிக்குமே. இருந்துதா? அப்புறம்? அழிச்சுட்டீங்களா? ஏன் தம்பி? சாம்பல் கலர்ல வந்துதுன்னா? அடப் பாவமே. மேல க்ளிக் பண்ணா அப்படித்தான் தெரியும். இது தானா மாறுற இடம், கை வைக்காதேன்னு சொல்லுது. பிரிண்ட்ல அந்த நிறம் வராது. நீங்க அழுக்குன்னு நெனச்சு சுத்தமாத் தொடச்சு எடுத்துட்டீங்க. வீட்டுலயும் இப்படித்தானா? எதையாவது சுத்தம் பண்றேன்னு வேணுங்கறதைத் தூக்கிப் போடுவீங்களா? ஓ, சமையலறை உங்க பொறுப்பா. பாத்திரமெல்லாம் நீங்கதான் கழுவறீங்களா? பரவாயில்லையே.

இங்க வாங்க. இது என்ன? அத்தியாயம் ஒன்று, அறிமுகம். இது தலைப்புன்னு எப்படிச் சொல்றீங்க? பெருசா இருக்கு, தடிமனா இருக்கு, நடுவுல இருக்கு. சரி, உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மெஷினுக்குக் கண்ணா இருக்கு? அதுக்கு எல்லாமே எழுத்துதான், சிலது குண்டு, சிலது ஒல்லி. இது தலைப்புன்னு நாமதான் அதுகிட்ட வாயைத் தொறந்து சொல்லணும். மேல ஸ்டைல்னு வரிசையா இருக்கு பாருங்க. அத்தியாயத்து மேல கர்சரை வெச்சு, ஹெடிங் ஒண்ணு. உள்தலைப்புக்கு ஹெடிங் ரெண்டு. அப்படிச் சொல்லி வெச்சதை மட்டும்தான் அது பொறுக்கிட்டுப் போய் முன்னாடி அடுக்கும். மனசுக்குள்ள வெச்சுக்கிட்டா யாருக்குத் தெரியும் சொல்லுங்க. அது எல்லாத்துக்கும் பொருந்தும்.

இல்ல, நான் பண்ணித் தர மாட்டேன். நீங்களே ஒவ்வொண்ணாப் போடுங்க. பழைய பொருளடக்கத்தை நான் எடுத்துட்டு, டெம்ப்ளேட்ல இருக்கற மாதிரியே புதுசா ஒண்ணு வெச்சிருக்கேன், இப்போதைக்கு காலியா இருக்கு. நீங்க தலைப்பைச் சொல்லச் சொல்ல அதுக்கு ஆள் சேரும். நான் பக்கத்துல உக்காந்து கிண்டல் பண்றேன், அதுக்குத் தனியா வாங்கறதில்ல.

என்னது, அக்காவா? அதெல்லாம் வேண்டாம் தம்பி, அக்கான்னு மட்டும் கூப்பிடாதீங்க. அப்ப என்னன்னு கூப்பிடறதா? அதை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல மூணாவது அத்தியாயத்தை முடிங்க.

போன் அடிக்குது பாருங்க. எடுங்க, எடுங்க. நான் கேக்க மாட்டேன். கடை இவ்வளவு சின்னதா இருந்தா காதுல விழறதை நான் என்ன பண்ண.

பேசிட்டீங்களா? கேக்க மாட்டேன்னுதான் இருந்தேன். ஆனா ஒண்ணு சொல்லணும். சீனியர் கெடுத்துட்டார்னு சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர் சரியில்லன்னு சொல்லியிருக்கலாம். இந்தக் கடைக்காரி தொண்டைத் தண்ணி வத்தப் பேசியே உயிரை வாங்கறான்னு கூடச் சொல்லியிருக்கலாம், அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. நீங்க, என் தப்புதான், நான் பாக்காம விட்டுட்டேன், நீ சாப்பிட்டியான்னு கேட்டீங்க. எனக்கு அது புதுசா இருந்துது.

இல்ல, சும்மா சொல்லல. என் வீட்டுக்காரர் போய்ச் சேந்து ரொம்ப வருஷம் ஆச்சு. வெளியில அவருக்குத் தங்கமான மனுஷர்னு பேரு. வீட்டுல ஒரு சாவி காணாமப் போனாப் போதும், கதவு ஜன்னல் எல்லாம் நடுங்கும். அவர் பாக்கெட்டைத் தடவ ஆரம்பிச்ச உடனே என் பொண்ணு போய் கட்டிலுக்கு அடியில உக்காந்துக்குவா. தொலைச்சது அவர், ஒளிஞ்சது அவ. இன்னிக்கு அவ பெரிய ஆஸ்பத்திரில நாலு பேருக்கு வேலை சொல்ற ஆளு. ஆனா யாராவது எதையாவது வேகமாத் தேடினா இப்பவும் அவ முகம் மாறுது. எனக்கு இருக்கற பயமெல்லாம் அது ஒண்ணுதான் தம்பி. அவ இன்னொரு வீட்டுக்குப் போய் இன்னொரு கட்டிலுக்கு அடியில உக்காரக் கூடாது. சரி விடுங்க, உங்க சுவரைப் பாருங்க. அங்க ஒரு உள்தலைப்பு விட்டுப் போச்சு.

யாரு, நம்ம பின்னாடி நிக்கறாங்களே, அவங்களா? பைண்டிங் பண்ணணுமாம்மா? கடைசிப் பக்கம் மட்டும் மாத்தணுமா, இந்த ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கு, கொஞ்சம்… அட, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க தம்பி? உங்களுக்கே நேரம் இல்ல. சரி, உங்க இஷ்டம். உக்காரும்மா, அவர் ஃபைலை மூடாம உன்னுதைத் தொற.

முடிஞ்சுது, போயிட்டாங்க. வாங்க. நாற்காலியை விட்டுக் குடுத்துட்டு வாசல்ல நின்னு கடிகாரத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பாத்தீங்களே, பாக்கவே பாவமா இருந்துது. ஆனா ஒரு தடவை கூட உச்சுக் கொட்டல. கவனிச்சேன்.

இப்ப அப்டேட் அழுத்துங்க. பயமா இருக்கா? பக்க எண் மட்டும் இல்ல, முழுப் பட்டியலும்னு ரெண்டாவதா ஒண்ணு கேக்கும், அதைத் தேர்ந்தெடுங்க. ம். பாத்தீங்களா? அறிமுகம், விரிசலின் வகைகள், ஈரமும் வெப்பமும், எல்லாம் வந்து பக்க எண்ணோட நிக்குது. இறாலைக் காணோம். குட்டைக்கே திரும்பிப் போயிடுச்சு.

ஆனா இது என்ன? நன்றியுரைக்குக் கீழ இவ்வளவு நீளமா ஒரு பத்தி வந்து பொருளடக்கத்துலயே உக்காந்திருக்கு? தலைப்போட சேத்து பத்தியையும் ஹெடிங்னு சொல்லிட்டீங்க போல. மெஷினைக் குத்தம் சொல்லாதீங்க, சொன்னதைக் கேட்டுது. இருங்க, மறைக்காதீங்க, படிக்கறேன். எந்நேரமும் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்த என்னைத் திரும்பி மனிதர்களைப் பார்க்க வைத்த அவருக்கு. அடேங்கப்பா. யாரு அந்த அவர்? போன் பண்ணாங்களே, அவங்களா? காதெல்லாம் செவந்து போச்சே தம்பி.

சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஓ. ஞாயித்துக்கிழமை அவங்க அம்மாவைப் பாக்கப் போறீங்களா? அதுக்குள்ள தீசிஸ் குடுத்தாகணும், இல்லன்னா எந்த முகத்தை வெச்சுட்டுப் போறதுன்னு. நியாயம்தான். பைண்டிங் பண்ணின காப்பி ஒண்ணைக் கையில எடுத்துட்டுப் போய்க் காட்டப் போறீங்களா? அந்தம்மாவுக்குக் கான்கிரீட்னா அவ்வளவு ஆசையா? வெறுங்கையோட போகத் தைரியம் இல்ல, அப்படிச் சொல்லுங்க.

எப்படிப்பட்டவங்களாம் அந்தம்மா? ரொம்பக் கண்டிப்பா? யாரு சொன்னது? அந்தப் பொண்ணேவா? சொல்லுவா, சொல்லுவா. வேற என்ன சொன்னா? ஒரு பார்வைலயே ஆளை எடை போட்டுடுவாங்களாமா. அப்படியெல்லாம் ஒரு பார்வைல முடியாது தம்பி, ஒரு மத்தியானமாவது வேணும். பயந்தீங்கன்னா ஒண்ணு செய்யுங்க, அந்தம்மா முன்னாடி நடிக்காதீங்க. இங்க எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க. இந்தக் கடைக்குப் போகச் சொன்னதும் அந்தப் பொண்ணுதானா? எல்லாக் கடையையும் விட்டுட்டு? நல்ல பொண்ணு, விவரமான பொண்ணு.

சரி, அந்தப் பத்தி மேல கர்சரை வெச்சு நார்மல்னு மாத்துங்க. இல்ல, அழிக்காதீங்க. அது அங்கேயே இருக்கட்டும். பொருளடக்கத்துல வர வேண்டாம், உள்ள இருந்தாப் போதும். மறுபடி அப்டேட். அவ்வளவுதான். படங்களோட பட்டியலையும் கையாலதான் அடிச்சிருந்தீங்க, புள்ளி புள்ளியா வெச்சு, ஒரு வரில புள்ளி எக்கச்சக்கமாப் போய் எண் கீழ விழுந்து கிடந்துது. அதை நீங்க வாசல்ல நின்னப்பவே சரி பண்ணிட்டேன். பைண்டிங்குக்கு வந்த பொண்ணு பையில பென் டிரைவைத் தேடிட்டே இருந்தா, கம்ப்யூட்டர் சும்மாத்தான இருந்துது. நன்றியெல்லாம் எதுக்கு.

பிரிண்ட் ஓடுது. கேக்குதா சத்தம்? எனக்கு ரொம்பப் பிடிச்ச சத்தம் அது. சூடா இருக்கும், ஓரத்தைப் பிடிச்சு எடுங்க.

உங்ககிட்ட குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். காப்பி எடுத்து வைக்கற பழக்கம் சுத்தமா இல்ல. எனக்கு இருக்கு. நீங்க வந்து பென் டிரைவைக் குடுத்த உடனே முதல் வேலையா ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டேன். அப்புறம்தான் உங்களை அந்த அப்டேட் பட்டனை அழுத்தச் சொன்னேன். ஆமா, அழுத்தினா என்ன வரும்னு தெரியும். எங்கேருந்தோ வெட்டி ஒட்டினதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, எத்தனை பாத்திருப்பேன். அந்த எர்ரர் வர்றப்ப உங்க முகம் எப்படி இருக்கும்னு பாக்கணும். உங்க பொருளடக்கத்துக்காக இல்ல, எனக்காக. ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டீங்க. கையை எடுத்தப்ப நான் மௌஸைத்தான் பாத்துட்டிருந்தேன். மௌஸ் இருந்த இடத்துலயே இருந்துது. அப்பவே என் பாதி பயம் போச்சு. மீதியை நீங்க போன்லயும் வாசல்லயும் கரைச்சுட்டீங்க.

இந்தாங்க, பைண்டிங் ஆச்சு. ரெண்டு காப்பிதான் போட்டிருக்கேன், ஒண்ணு ஆபீஸுக்கு, ஒண்ணு உங்களுக்கு. மூணாவதா? எதுக்கு? ஞாயித்துக்கிழமை அதைத் தூக்கிட்டு வர வேண்டாம் தம்பி, நான்தான் முழுசாப் பாத்துட்டேனே, முதல் பக்கத்துல உங்க பேரைப் பாத்தப்பவே யாருன்னு தெரிஞ்சுபோச்சு. வெறுங்கையை வீசிட்டு வாங்க. வீட்டு மணி வேலை செய்யாது, கதவைத் தட்டணும். உங்களுக்கு வழி சொல்லும்போது என் பொண்ணு அதை மட்டும் மறந்துடுவா.

அட, ஏன் எந்திரிச்சு நிக்கறீங்க? தீசிஸ் கீழ விழுது பாருங்க. அக்காவா? இவ்வளவு சொல்லியும் இன்னும் அக்காவா? அத்தைன்னு கூப்பிடுங்க. கூப்பிட்டுட்டு ஓடுங்க, கவுண்டரை மூடிடப் போறாங்க.