மூன்றாவது வளையம்

ரைட்டர் அக்கா, இதை யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக என் அம்மாவிடம் காட்டாதீர்கள். யாருக்கும் காட்டாமல் என் சித்தப்பாவை எப்படி வெளியே விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் காவல் நிலையத்தில் எழுதுகிறவர், உங்களுக்கு ஒரு வழி தெரிந்திருக்கும். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முழுவதும் படித்த பிறகு இன்ஸ்பெக்டருக்கு மட்டும் காட்டுங்கள்.

இன்று மாலை நீங்கள் என் அம்மா சொன்னதை எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து வாங்கினீர்கள். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதே மாதிரி எழுதுகிறேன். என்னால் முடிக்க முடியுமா என்று தெரியாததால் நான்கு தாளிலும் முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடைசியில் வர வேண்டிய வரிகளையும் நான்காம் தாளின் அடியில் எழுதி வைத்துவிட்டேன். அதற்கு மேலே இடம் காலியாக இருந்தால் யாரோ வந்துவிட்டார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பெயர்: உங்கள் பதிவேட்டில் உள்ளபடி, மெக்கானிக் மகள். வயது: பதினான்கு. படிப்பு: ஒன்பதாம் வகுப்பு. முகவரி: பழைய மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் பின்னால் உள்ள வீடு, கீழ்த்தளம். மேல்தளத்தில் சித்தப்பாவும் சித்தியும் இருக்கிறார்கள்.

என் அப்பா ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன்னால் வந்த வண்டிகளை மட்டும் பழுது பார்க்கிறார். சித்தப்பா அப்பாவின் தம்பி, பதினோரு வருடமாக அவரோடு வேலை செய்கிறார். இந்த வண்டிகள் வருடக்கணக்கில் ஓடாமல் நிற்பதால் பெட்ரோல் காய்ந்து, இன்ஜினுக்குப் பெட்ரோலை அனுப்பும் கார்புரேட்டருக்குள் கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். மேலே அலுமினியம் வெள்ளையாகப் பூத்துவிடும். பெட்ரோல் வருகிற துவாரங்கள் தலைமுடி அளவுதான் இருக்கும், அவையும் அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யக் கடையில் ஸ்பிரே விற்கிறது. அப்பா வாங்க மாட்டார். வீட்டில் உள்ள பொருட்களை வைத்தே செய்வார். சூடான வினிகர் தண்ணீரில் ஊறவைப்பார், அதன் பிறகு அதே தொட்டியில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை ஊற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார், அதன் பிறகு ஊசிக் கம்பியால் துவாரங்களைக் குத்தி ஊதிப் பார்ப்பார்.

இதனால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தினமும் பேச்சு உண்டு. "என் அடுப்படில இருக்குறதெல்லாம் வண்டி வயித்துக்குள்ள போகுது. நாளைக்கு என்னையும் தூக்கி ஊறப் போட்டுடுங்க" என்பார் அம்மா. "உன்ன ஊறப் போடுற அளவுக்கு நம்மகிட்ட தொட்டி இல்லயே" என்பார் அப்பா. எவ்வளவு எடுத்திருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அப்பா எல்லாவற்றையும் காலியான இன்ஜின் ஆயில் கேன்களில் ஊற்றி, பட்டறையின் கழுவும் அறை அலமாரியில் வைத்துவிடுவார். மூன்று கேன்களும் கறுப்பு, ஒரே அளவு. லேபிள் ஒட்டினால் எண்ணெய்க் கையில் கிழிந்துவிடும் என்று, பழைய டியூபை மெல்லிசாக வெட்டி, கேன்களின் கழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ரப்பர் வளையங்களாகப் போட்டிருந்தார். சுவரில் சாக்பீஸால் எழுதியும் வைத்திருந்தார். ஒன்று ஊற. இரண்டு தேய்க்க. மூன்று தொடாதே.

மூன்றாவதில் இருந்தது பிளீச். பூஞ்சை பிடித்த பழைய வண்டி இருக்கைகளைத் துடைப்பதற்காக வைத்திருந்தது. அதை அப்பா வெளி முற்றத்தில் மட்டும் எடுப்பார். வினிகர் பக்கத்தில் கொண்டுபோகவே விடமாட்டார், இரண்டும் கலந்தால் விஷ வாயு வரும் என்பார்.

இன்று காலை ஏழே முக்கால் மணிக்கு என் தலைமுடி ரப்பர் பேண்ட் அறுந்துவிட்டது. முடியைக் கட்டாமல் போனால் எங்கள் பள்ளியில் முதல் பாடவேளை முழுவதும் வெளியே நிற்க வேண்டும். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடி பட்டறையின் கழுவும் அறையில்தான் இருக்கிறது. அங்கே போய் நின்றபோது கைக்கு எட்டிய கேனின் கழுத்திலிருந்து மேல் வளையத்தை உருவிக் கட்டிக்கொண்டேன். பேண்ட் மாதிரியே கறுப்பாக இருந்தது, இறுக்கமாகவும் இருந்தது. அந்தக் கேனில் எத்தனை வளையம் என்று எண்ணவில்லை. சாயங்காலம் வந்து போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் உண்மை, போடாததும் உண்மை.

அதன் பிறகு நான் பையை எடுத்துக்கொண்டு பட்டறை வழியாக வந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் பல் டாக்டரின் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கு அதை அவர் ஓட்டிப் போக வேண்டும்.

"அண்ணே, ஒரு ஸ்பிரே வாங்குனா அரை மணி நேர வேலை. இந்த அடுப்படி வைத்தியத்த விடுங்கண்ணே" என்றார் சித்தப்பா.

"இது நீ பொறக்குறதுக்கு முன்னாடி செஞ்ச கார்புரேட்டர்டா. உன்ன விட மரியாதையா நடத்தணும்."

"நடத்துங்க, நடத்துங்க. ஒருநாள் இந்தத் தொட்டிக்குள்ளயே உங்க கதை முடியப்போகுது பாருங்க."

இதைத்தான் எதிர்க் கடைத் தையல்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன வார்த்தைகள் சரிதான். ஆனால் சித்தப்பா அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அப்பாவும் சிரித்து, கையில் இருந்த எண்ணெய்த் துணியை அவர் மேல் எறிந்தார். துணி சித்தப்பாவின் தோளில் விழுந்தது. அதைத் தையல்காரர் பார்க்கவில்லையா, சொல்ல மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

மாலை நான்கு பத்துக்கு வீட்டுக்கு வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. சமையலறைப் படியில் உட்கார்ந்து பால் குடித்தேன். அங்கிருந்து பார்த்தால் கழுவும் அறையின் கதவும் அலமாரியும் தெரியும். அப்பா தொட்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தொட்டியிலிருந்து ஆவி வந்தது. அப்பா திரும்பாமலே "ரெண்டு வளையம் போட்டத எடுத்து ஊத்துடா" என்றார். அலமாரி அருகில் நின்ற சித்தப்பாவுக்கு மூன்று நாளாகச் சளி, மூக்கடைப்பு. ஒரு கையில் போன் இருந்தது, பல் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். மறு கையால் ஒரு கேனை எடுத்து, அதன் கழுத்தைக் கட்டைவிரலால் தடவி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார். நான் பார்த்தேன். காதாலும் கேட்டேன். எண்ணிவிட்டுத்தான் ஊற்றினார். "கதவச் சாத்திட்டுப் போ, சாரல் அடிக்குது" என்று அப்பாதான் சொன்னார். சித்தப்பா சாத்திவிட்டு வெளியே வந்து, தகரக் கூரையில் மழைச் சத்தம் அதிகமாக இருந்ததால் போனில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழம காலையில வண்டி உங்க வாசல்ல நிக்கும் டாக்டர்" என்றார்.

அதன் பிறகு எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. என் டம்ளரில் பாதிப் பால் இருந்தது. உள்ளே முக்காலி விழும் சத்தம் கேட்டது. சித்தப்பா போனைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். பள்ளியில் கழிப்பறை கழுவிய நாளில் வரும் வாடை, அதைப்போல நூறு மடங்கு, படி வரைக்கும் வந்தது. என் கண் எரிந்தது. சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், அப்பாவின் கைகளுக்கு அடியில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு மழையில் வந்து விழுந்தார். அப்பாவின் வாயிலிருந்து நுரை வந்தது. ஆனால் பிரஷ்ஷை விடவில்லை. ஆம்புலன்சில் ஏற்றும் வரை அது அவர் கையிலேயே இருந்தது. அம்மா அதைப் பிடுங்கப் பார்த்தும் வரவில்லை. பால் டம்ளரைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா இருமிக்கொண்டே "அண்ணே, சோப்புத் தண்ணிதானே ஊத்துனேன், சோப்புத் தண்ணிதானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பாவுக்கு இப்போது தொண்டையில் குழாய் போட்டிருக்கிறார்கள். நாளை வரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாக அம்மா சொன்னார்.

அதன் பிறகு காவல் நிலையத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசை விட்டுப்போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் மூன்று கேன்களையும் சித்தப்பாவுக்கு முன்னால் மேசையில் வைத்தார். ஒன்றில் ஒரு வளையம் இருந்தது. மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு இருந்தன.

"சுவத்துல மூணுன்னு எழுதியிருக்கு. மூணு வளையம் போட்ட கேன் எங்கய்யா?"

"அதான் சார் எனக்கும் புரியல. நான் எண்ணித்தான் எடுத்தேன்."

"அப்போ மூணாவது வளையம் தானா எழுந்து நடந்து போயிடுச்சா? காலையில கதைய முடிக்கிறேன்னு சொல்ற, சாயங்காலம் வளையம் காணாமப் போகுது."

அதுவரை எனக்குத் தெரியாது, அக்கா. சத்தியமாகத் தெரியாது. இன்ஸ்பெக்டர் அப்படிக் கேட்ட நொடியில் என் கை தானாகத் தலைக்குப் பின்னால் போனது. வளையம் அங்கேதான் இருந்தது. காலையிலிருந்து ஆறு பாடவேளையும், மழையும், ஆம்புலன்சும், எல்லா நேரமும் அது என் தலையிலேயே இருந்திருக்கிறது. நீங்கள் பேனாவை மூடுவதும் திறப்பதும் தெரிந்தது, சத்தம் வரவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்தார்.

அம்மா என்னை முகம் கழுவ வேண்டும் என்று சொல்லி வெளியே குழாயடிக்கு அழைத்துப்போனார். வளையத்தை முடியோடு இழுத்து எடுத்தார். வலித்தது. கத்தவில்லை.

"இது எங்க இருந்துச்சு?"

"கேன்ல இருந்தும்மா. காலையில."

அம்மா வளையத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு "இது இல்லவே இல்ல. நீ எதையும் எடுக்கல. புரியுதா?" என்றார்.

"அப்போ சித்தப்பா என்னம்மா ஆவாரு?"

"அவரு ஆம்பள, தாங்கிக்குவாரு. உங்க அப்பா கண்ண முழிச்சா எல்லாம் சரியாயிடும். நீ வாயத் தொறந்தா உன் படிப்பும் போச்சு, உன் பேரும் போச்சு."

அதன் பிறகு உள்ளே வந்துதான் அம்மா உங்களிடம் "என் மகளுக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அம்மாவின் மேல் கோபப்படாதீர்கள். கையெழுத்தை ஒரு தடவை தப்பாகப் போட்டு அடித்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

நாங்கள் கிளம்பும்போது சித்தப்பாவைக் காலையில் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். சித்தப்பா கம்பிக்குப் பின்னால் நின்று இருமிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வீட்டுப்பாடம் எழுதினியா?" என்று மட்டும் கேட்டார்.

இரவு எட்டு மணிக்குச் சித்தி எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவளும் சாப்பிடவில்லை. அம்மா முகம் கொடுத்துப் பேசாமல் அறைக்குள் போய்விட்டார். சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, நீதான் எதையும் உன்னிப்பாப் பாப்பியே. ஏதாவது பாத்தியாடா?" என்று கேட்டாள்.

"இல்ல சித்தி" என்றேன்.

"சரி விடு. சின்னப் புள்ள நீ, உன்னப் போய்க் கேக்குறேன் பாரு" என்றாள். அதன் பிறகு என் முடி அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து, "என்னடா இது, பேய் மாதிரி" என்று சொல்லி, தன் தலையில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டுப் போனாள். படியேறும்போது அவள் முடி முதுகு முழுக்கப் பரவிக் கிடந்தது. அவள் பேண்ட் இப்போதும் என் தலையில் இருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வளையத்தைச் சமையலறைக் குப்பையில் காய்த் தோலுக்கு அடியில் போட்டிருந்தார். நான் எடுத்துக் கழுவாமல் வைத்திருக்கிறேன். என் முடி இரண்டு இன்னும் அதில் சுற்றியிருக்கிறது. இதை நீங்கள் நம்பாவிட்டால் பிளீச் இருந்த கேனின் கழுத்தைப் பாருங்கள். கேன் முழுக்க எண்ணெய்த் தூசி படிந்திருக்கும். வளையங்கள் இருந்த இடத்தில் மட்டும் படிந்திருக்காது. இரண்டு வளையங்களுக்கு மேலே, வளையம் இல்லாமல், சுத்தமாக ஒரு கோடு இருக்கும். இந்த வளையம் அதில் பொருந்தும். காலையில் பள்ளிக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பி, ஏழு மணிக்கு முன்னால், இந்தத் தாள்களைச் சுருட்டி, அதே வளையத்தைப் போட்டு உங்கள் கையில் தருவேன். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். என்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பா கண் திறந்ததும் முதலில் யாரைக் கேட்பார் என்று தெரியும். தம்பி எங்கே என்றுதான் கேட்பார். அப்போது நான்

பின்கதவை யாரோ தட்டுகிறார்கள். அம்மா இல்லை, அம்மா தட்டமாட்டார், திறந்துகொண்டே வருவார். சித்தி. "கண்ணு, விளக்கு எரியுதே, இன்னும் தூங்கலயா?" என்கிறாள். வளையம் மேசை மேல் இருக்கிறது. ஒளித்து வைக்க நேரம் இருக்கிறது. நான் ஒளித்து வைக்கவில்லை. கையிலேயே எடுத்துக்கொண்டு போய்த் திறக்கிறேன், முதலில் அவளிடம்






மேலே உள்ளது நான் கண்ணால் பார்த்ததும், காதால் கேட்டதும், என் கையால் செய்ததும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

(கையொப்பம்)
மெக்கானிக் மகள்