எட்டுத் தறிக்கு எட்டு வாக்கு, பன்னிரண்டு பேருக்கு ஒன்று

காலையிலிருந்து எங்கள் கூச்சலையெல்லாம் பொறுத்துக்கொண்டு தலைமை தாங்கும் தலைவர் அவர்களே! தலை நரைத்தும் தறியை விட்டு அகலாத பெரியவர்களே! முன்வரிசை காலியாக இருந்தும் வழக்கம்போல் சுவரோரம் நிற்கும் மடிப்புப் பகுதித் தாய்மார்களே! நூலோடு நூல் முடிந்து நாளோடு நாள் நகர்த்தும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் ஒரு குற்றவாளியின் பணிவான வணக்கம்.

சிரிக்காதீர்கள். தெரிந்தேதான் சொன்னேன்.

நம் துண்டு ஆலையின் சங்க விதி என்ன சொல்கிறது? தறிக்கு ஒரு வாக்கு, மடிப்பு மேசைக்கு ஒரு வாக்கு. எழுதிய நாளில் அது நியாயம். அன்று ஒரு தறிக்கு ஒருவர், ஒரு மேசைக்கு ஒருத்தி. தறியை எண்ணினாலும் தலையை எண்ணினாலும் ஒன்றுதான். இன்று? நான் ஒருவன் எட்டுத் தறி ஓட்டுகிறேன்; எனக்கு எட்டு வாக்கு. ஒரு நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் நின்று மடிக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. தறிக்காரர் நாற்பது பேர் கையில் முந்நூற்று இருபது. பெண்கள் இருநூற்று நாற்பது பேர் கையில் இருபது! தறி மாறியது, மேசை மாறியது, தலைமுறையே மாறியது. விதி மட்டும் மாறவில்லை. இதைத் தொழிலாளர் சங்கம் என்று எந்த வாயால் சொல்வது? தறிகளின் சங்கம் என்றல்லவா சொல்ல வேண்டும்!

போன ஆண்டு என் தறிகளில் ஒன்று பழுதாகி மூலையில் கிடந்தது. ஓடாத தறிக்கு வாக்கு உண்டா? செயற்குழு டீ வரவழைத்து ஒரு மணி நேரம் விவாதித்தது. உண்டு என்று முடிவானது. கைதட்டாதீர்கள் ஐயா, இது பெருமைப்படும் இடமல்ல. ஏனென்றால், அடுத்து வந்தது, மடிப்புத் தாய்மார்கள் வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் குழந்தைகள் அறை. அந்த அறையை எடுத்துவிட்டுப் பதினாறு புதுத் தறி போட நிர்வாகம் நம் சம்மதத்தைக் கேட்டது. கொடுத்தோம். பழுதான தறியின் வாக்கையும் சேர்த்து எட்டையும் நான் கொடுத்தேன்.

என் தங்கை மூன்றாம் மேசையில் மடிக்கிறாள். அன்று மாலை தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணே, எங்க மேசையில பன்னெண்டு பேரும் வேண்டாம்னோம். நீ ஒருத்தன் வேணும்னே. நீதான் ஜெயிச்சே. உன் ரிப்பேர் தறிக்கு இருக்கிற மரியாதைகூட எங்களுக்கு இல்லையா?"

"சட்டம் அப்படி இருக்கும்மா. நான் என்ன பண்றது?"

"இருக்கட்டும். அதை மாத்தணும்னு உனக்கு ஒரு நாளாவது தோணுச்சா?"

தோன்றவில்லை, தோழர்களே. எட்டு வாக்கு உள்ளவனுக்கு அது ஏன் தோன்றப்போகிறது?

அதே மேசையில் "கத்தரிக்கோல்" என்று நாம் கூப்பிடுவோமே, பார்க்காமலே பிசிறு நறுக்குகிற அந்தத் தாய், அவளுக்கு இரட்டைக் குழந்தைகள். அறையை எடுத்த வாரத்தில் இரண்டையும் மேசைக்கு அடியில் துண்டுக் கட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்து வேலை செய்தாள். மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். கத்தரியை வைத்தாள், குழந்தைகளைத் தூக்கினாள், போய்விட்டாள். பதினோரு ஆண்டு வேலை! நான் என்ன கேட்டேன் தெரியுமா? "என்னம்மா, மூணாவது மேசை இன்னைக்கு ஆமை மாதிரி போகுது?" என்று கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அவள் போன பிறகு அந்த மேசைக்கு எத்தனை வாக்கு? ஒன்று. அவள் இருந்தபோது? ஒன்று. அப்படியானால் அந்தப் பதினோரு ஆண்டும் நாம் அவளை எண்ணவே இல்லை! சந்தாவுக்கு எண்ணினோம், ஊர்வலத்துக்கு எண்ணினோம், கொடி பிடிக்க எண்ணினோம், வாக்குக்கு எண்ணவில்லை.

என்ன மச்சான், பின்னாலிருந்து? "ஆளுக்கு ஒரு ஓட்டுன்னா தறிக்காரன் கதி என்ன?" என்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்வி. ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் நாம் நாற்பது. அவர்கள் இருநூற்று நாற்பது. அடுத்த முறை நம் வேலை நேரத்தை அவர்கள் மாற்றலாம். பயமாக இருக்கிறதா? எனக்கும் இருக்கிறது. நாம் நடந்துகொண்டதுபோல் அவர்களும் நடந்துகொண்டால் என்ன செய்வது? ஒரு வழிதான் உண்டு. அவர்களிடம் போய்ப் பேச வேண்டும்.

பத்தொன்பது ஆண்டாகத் தறி ஓட்டுகிறேன். ஒரு நாளாவது ஒரு மடிப்பு மேசை அருகே நின்று, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று நான் கேட்டதில்லை. கேட்கும் தேவை எனக்கு இருந்ததில்லை. அந்தத் தேவையை எனக்கு உண்டாக்குங்கள்! உங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டாக்குங்கள்!

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். இன்றைய வாக்கெடுப்பு பழைய விதிப்படிதான். மடிப்புப் பகுதி மொத்தமும் திரண்டாலும் இருபதைத் தாண்டாது. தறிக்காரர்களே, நாம் கொடுத்தால்தான் உண்டு.

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. எட்டு வாக்கோடு இந்த மேடை ஏறினேன். ஒரு வாக்கோடு என்னை இறங்க விடுங்கள். வணக்கம்.