அவள் எழுதினாள், நான் வாசித்தேன்

என் தங்கையின் கையெழுத்து கோழிக் கிறுக்கல், ஐயா. பள்ளிக்கூட வயதிலேயே பாட்டுப் போட்டி என்று ஊர் ஊராகப் போனவள். வீட்டுப்பாடமெல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவள் எழுத்தை வாசிக்க என்னை விட்டால் ஆளில்லை.

இருபத்தாறு வயதில் அவள் பாட்டு ஒலிக்காத கடை கிடையாது. போன மாதம் தொண்டையில் வீக்கம். மூன்று வாரம் முணுமுணுக்கக்கூடக் கூடாது, மீறிப் பாடினால் குரலே போய்விடும் என்றார் டாக்டர். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். கைபேசி இருந்தால் வாய் சும்மா இருக்காது என்று அதை நானே வைத்துக்கொண்டேன். அவள் எழுதுவாள், நான் வாசிப்பேன். வந்தவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். பொய் சொல்வானேன், அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பாட வந்தவள் நான்.

இரண்டாவது வாரம் கச்சேரி ஏற்பாட்டாளர் வந்தார்.

"மேடை போட்டாச்சும்மா. பாப்பா என்ன சொல்லுது?"

'முடியாது. ரத்து பண்ணச் சொல்லு' என்று எழுதினாள்.

"பாடறாளாம். ஜனங்களை ஏமாத்த மாட்டாளாம்," என்று வாசித்தேன்.

மேசையைத் தட்டினாள். என் கையைப் பிடித்து உலுக்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர். ஆனால் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பேச்சைத் தட்டாத பெண்.

"பாருங்க, அவளுக்கு எவ்வளவு ஆசைன்னு," என்றேன். சிலேட்டைத் துடைத்துவிட்டேன்.

கச்சேரி அன்றைக்கும் அவளை நான் பிடித்துத் தள்ளவில்லை. "கும்பிட்டுட்டு இறங்கிடு, மத்ததை நான் சொல்லிக்கறேன்," என்று மேடையேற்றினேன். மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் மட்டும் இறங்கிவிட்டேன். எட்டாயிரம் பேர் அவள் பாட்டை அவர்களாகவே பாடத் தொடங்கினார்கள். படியில் நின்ற என்னைப் பார்த்தாள். பாடு என்று தலையாட்டினேன். பாடினாள். மூன்றாவது பாட்டில் குரல் உடைந்தது. இனி வராதாம்.

டாக்டர் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததில் தப்பில்லை. தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் அவளுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

இதோ, ஏதோ எழுதி உங்களிடம் நீட்டுகிறாள். உங்களுக்குப் புரியாது ஐயா, இப்படிக் கொடுங்கள்.

"என்னை அக்காகூடவே அனுப்பிடுங்க," என்று எழுதியிருக்கிறாள்.