ரெண்டாவது கட்டம்

— ரெண்டாவது கட்டத்துல நான் டிக் போட மாட்டேன், ஒபிரி. கைய ஒடிச்சாலும் போட மாட்டேன்.

— யாரு உன் கைய ஒடிக்கப் போறா? அந்தக் கையெழுத்துதான நாளைக்கு வேணும். உக்காரு செர்வா. ஃபூஃபூக் களி ஆறுது.

— ஆறட்டும். 'கல்யாணம் ஆனவங்க'ன்னு மொதக் கட்டம் இருக்கு. நாம கல்யாணம் ஆனவங்க. அதுல போட்டா என்ன?

— பாரு, வக்கீலம்மா அரை மணி நேரம் சொன்னாங்களே, எந்தக் காதுல வாங்கின? பொண்ணும் மாப்பிள்ளையும் நேர்ல நிக்காம நடந்த கல்யாணத்த இந்தக் கனடாக்காரன் ஏத்துக்க மாட்டான். நம்ம ஊரு குமாசில உங்கப்பா வீட்ல நம்ம கல்யாணம் நடந்தப்ப நீ எங்க இருந்த?

— முதியோர் இல்லத்துல. காலை ஷிப்ட்.

— நான்?

— கார் கழுவிக்கிட்டு இருந்த.

— ஆக, நம்ம கல்யாணத்துக்கு வராத ரெண்டே பேரு நாமதான்.

— சிரிக்காத. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தான் நடக்குது. ஆளு வெளிநாட்ல இருக்கும், ரெண்டு குடும்பமும் உக்காந்து பேசி முடிக்கும். எங்க சித்தி பொண்ணு இத்தாலில, மாப்பிள்ள ஜெர்மனில. அது கல்யாணம் இல்லன்னு எவனாவது சொன்னானா?

— நானும் சொல்லல. இந்தக் காகிதம் சொல்லுது. ரெண்டாவது கட்டத்துல என்ன போட்டிருக்கு? ஒரு வருஷத்துக்கு மேல ஒரே வீட்ல சேர்ந்து வாழறவங்க. வாழறமா இல்லையா? வீட்டு ஒப்பந்தத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கு. கரண்ட் பில்லுல இருக்கு. மேல் வீட்டுக்காரி நம்ம சண்டையக் கேட்டுக் கேட்டே நம்ம பாஷையக் கத்துக்கிட்டா.

— கேக்கவே கூசுது எனக்கு. எங்கப்பா சபைல மூப்பரு. அவரு பொண்ணு டொரான்டோல ஒருத்தனோட சும்மா சேர்ந்து வாழறான்னு நானே கைப்பட எழுதித் தரணுமா? ஊர்ல அப்படிப்பட்டவளுக்கு என்ன பேரு தெரியுமா? வச்சுக்கிட்டவ.

— ஒட்டாவால உக்காந்திருக்கற ஆபீசர் குமாசிக்குப் போன் போட்டு ஊருக்கெல்லாம் சொல்லப் போறாரா?

— எனக்குத் தெரியுமில்ல. அது போதும்.

— சரி, நகரமன்றத்துல போயி பதிவு பண்ணிக்கலாம்னா அதுவும் வேணாங்கற.

— ஏற்கனவே கட்டின புருஷன இன்னொரு தடவ கட்டணுமா? அப்ப எங்கப்பா பண்ணி வச்சது என்ன, பொம்மக் கல்யாணமா?

— செர்வா, நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளு. பெரியப்பா சாவுக்குன்னு வந்தேன். ஆறு மாசம்னு முத்திரை குத்தி உள்ள விட்டான். ஆறு வருஷமாச்சு.

— தெரியும். சாவு வீட்ல கெடச்ச மாப்பிள்ளதான நீ.

— சாவு வீட்ல மூணாவது தடவ சோறு வாங்க வந்தவதான நீ. இரு, கேளு. விசா முடிஞ்சும் தங்கினத அவங்க மன்னிப்பாங்களாம், கூட வாழறவ எனக்குப் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டா. பொய் சொன்னா மன்னிக்க மாட்டாங்க. தப்பான கட்டத்துல டிக் போட்டு அனுப்பி, அவங்க செல்லாதுன்னுட்டா என்ன ஆகும்? என் பேரு, விலாசம், போட்டோ எல்லாம் அவங்க கையில. அப்புறம் காகிதத்த மட்டுமா திருப்பி அனுப்புவாங்க? என்னையும் சேத்துத்தான்.

— அத வேற சொல்லணுமா?

— ஆறு வருஷத்துல ஒரு தடவகூட சிவப்பு விளக்குல நான் தெருவத் தாண்டினதில்ல. டிக்கெட் கையில இருந்தும், பஸ்ல சோதனைக்காரன் ஏறினா அடுத்த நிறுத்தத்துலயே எறங்கிடறேன். போன மாசம் பீட்சாக்காரன் வீடு மாறி நம்ம கதவத் தட்டினப்ப நான் எங்க போய் நின்னேன்?

— குளியலறைல.

— நீ சிரிச்ச.

— சிரிச்சேன். அப்புறம் படுக்கையறைல போயி அழுதேன். அது உனக்குத் தெரியாது.

— தெரியும். அழுதா உனக்கு மூக்கு செவந்துடும்.

— பேச்ச மாத்தாத. உனக்குக் காகிதம் வந்தாப் போதும். அதுல நான் யாருன்னு எழுதினா உனக்கென்ன? பொண்டாட்டின்னு எழுதினாலும் ஒண்ணுதான், கூட இருக்கறவன்னு எழுதினாலும் ஒண்ணுதான்.

— இந்தக் காகிதம் காகிதம்னு ரெண்டு வருஷமா நச்சரிச்சது நீ. உனக்குக் குடியுரிமை கெடச்ச அன்னிக்கே 'விண்ணப்பம் போடுவோம்'ன. நான் ஒரு தடவயாவது கேட்டனா?

— கேக்கல. அதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. அப்பல்லாம் 'பாக்கலாம், பாக்கலாம்'ன்னே தள்ளிப் போட்ட. இப்ப காலுல வெந்நி ஊத்தின மாதிரி பறக்கற.

— ஊர்ல எங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிட்டே வருதுல்ல. முழுசா மறையறதுக்குள்ள அவ என் மூஞ்சியப் பாக்க வேணாமா?

— அது எனக்கு வலிக்காதுன்னு நெனைக்கறியா? நானும்தான் உன்னக் கூட்டிக்கிட்டுப் போயி எங்கப்பா முன்னாடி நிக்கணும்னு இருக்கேன். புருஷன் பொண்டாட்டியா நிக்கணும். இந்த விண்ணப்பம் நல்லபடியா முடியணும்னு உன்ன விட எனக்குத்தான் தவிப்பு. ஆனா எங்கப்பாவ அசிங்கப்படுத்தி முடிய வேணாம்.

— சரி. போட்டோ எடுத்து வச்சியா? இருபது கேட்டிருக்காங்க.

— எங்கருந்து எடுக்கறது? எல்லாத்துலயும் உன் முதுகுதான் இருக்கு. கேமராவப் பாத்தாலே திரும்பிக்கற. நம்ம ரெண்டு பேரும் பல்லு தெரிய நிக்கறது மொத்தம் ஏழுதான் தேறுச்சு. அதுல மூணு சாவு வீடு.

— பரவால்ல, சேத்து வை. நம்ம ஊரு சாவு வீட்டு ஆட்டம் பாட்டத்த போட்டோல பாத்தா அவங்க கல்யாணம்னுதான் நெனைப்பாங்க.

— அப்புறம் குடும்பத்துலருந்து ஒரு கடுதாசி. அது அப்பாகிட்டச் சொல்லியாச்சு. 'என் பொண்ண முறைப்படி இவருக்குக் குடுத்தேன்'னு எழுதச் சொல்லியிருக்கேன். அது வந்துட்டா மொதக் கட்டத்துல தைரியமாப் போடலாம். எட்டு நாளாச்சு, இன்னும் அனுப்பல.

— விடு. வயசான மனுஷன். தொந்தரவு பண்ணாத.

— ஒரு கடுதாசி எழுதறது தொந்தரவா? இரு, இப்பவே கேக்கறேன்.

— வேணாம் செர்வா. அங்க இப்ப சாயங்காலம். சபைக்குப் போயிருப்பாரு.

— ஞாயித்துக்கிழம சாயங்காலம் எங்கப்பா காலாட்டிக்கிட்டு ரேடியோல கால்பந்து கேப்பாரு. நீ ஏன் இப்படிப் பதறற? ... அடிக்குது. அப்பா? நான் செர்வா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அவரும் பக்கத்துல இருக்காரு.

— யாரு, செர்வாவா? இரும்மா, இந்த ரேடியோவ அணைச்சுட்டு வரேன். ஆங், சொல்லு. மாப்பிள்ள நல்லா இருக்காரா?

— நல்லா இருக்கேன் மாமா.

— சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?

— சாப்பாடு கெடக்கட்டும்ப்பா. நான் கேட்ட கடுதாசி என்னாச்சு? நாளைக்கு எல்லாத்தையும் கட்டி அனுப்பணும்.

— அதாம்மா, எழுத உக்காந்தேன். கண்ணாடி சரியில்ல.

— போன வருஷம்தான புதுக் கண்ணாடி போட்டீங்க.

— பேனாவும் சரியில்ல.

— அப்பா.

— கண்ணாடியும் நல்லாத்தான் இருக்கு, பேனாவும் நல்லாத்தான் இருக்கு. கைதாம்மா எழுத மாட்டேங்குது. முப்பது வருஷமா சபைல மூப்பனா இருக்கேன். கடவுளுக்கு முன்னால பொய்ய எழுத்துல வைக்கறது எப்படி? என்ன நான் சொல்றது?

— என்ன பொய்? என்னக் கட்டிக் குடுத்தது பொய்யா?

— மாமா, இங்க சிக்னல் சரியில்ல. நாளைக்குக் கூப்பிடறோம்.

— சிக்னல் நல்லாத்தான் இருக்கு. போன்லருந்து கைய எடு நீ. அப்பா, சொல்லுங்க.

— சொல்லிடறேன் மாப்பிள்ள. எத்தன நாளைக்கு மூடி வைக்கறது? அம்மா, அன்னிக்கு இவரு வீட்டுக்காரங்க ரெண்டு பாட்டில் ஜின் கொண்டு வந்தாங்க. ஒண்ணு பொண்ணு கேட்டு வாசல் தட்டினதுக்கு. ஒண்ணு பொண்ணுக்கு.

— அதெல்லாம் வீடியோல பாத்தேன்ப்பா. பெரியக்கா எனக்குப் பதிலா உக்காந்திருந்தா. 'இத வாங்கிக்கலாமா மகளே'ன்னு நீங்க மூணு தடவ கேட்டீங்க. மூணு தடவயும் சரின்னா. எல்லாரும் கை தட்டினாங்க.

— தட்டினாங்க. அப்புறம் வாசல் தட்டின பாட்டிலத்தான் உடச்சு ஊத்தினோம். உன் சின்ன மாமா ஒருத்தரே பாதியக் காலி பண்ணிட்டு ஆடப் போயிட்டாரு. எந்தப் பாட்டில்னு யாரு பாத்தா? உன் பாட்டில நான் உள்ள கொண்டு போயி அலமாரில வச்சுப் பூட்டினேன். திருகாத மூடியோட அப்படியே இருக்கு.

— இருக்குன்னா?

— இருக்குன்னா இருக்கும்மா. பொண்ணுக்கு வந்தத ரெண்டு வீடும் ஒண்ணாக் குடிச்சாத்தான் அவ அந்த வீட்டுக்காரி. என் மத்த மூணு பொண்ணுங்களுக்கும் குடிச்சேன். உனக்கு இன்னும் குடிக்கல.

— நாலு வருஷமா? நாலு வருஷமா இவரு பொண்டாட்டின்னு நான் நிமிந்து நடந்துக்கிட்டு இருக்கேன், நீங்க அலமாரியப் பூட்டிச் சாவிய மடியில வச்சுக்கிட்டு இருந்தீங்களா? என் காகிதத்துக்காகத்தான் இவரு என்னக் கட்டறாருன்னு நெனச்சீங்க. அதான?

— நான் அப்படி நெனைக்கலம்மா.

— வேற என்ன? விசா இல்லாதவன்னு தெரிஞ்சதும் உங்களுக்கு நம்பிக்க வரல. போன வருஷம் எனக்கு வயித்துல கட்டி எடுத்தப்ப அஞ்சு ராத்திரி நாற்காலில உக்காந்தே தூங்கினாரு. ஆஸ்பத்திரி வாசல்ல சீருடைக்காரன் நிப்பான். பீட்சாக்காரனுக்கே ஒளியற மனுஷன் அவனத் தாண்டித்தான் நெதம் வந்தாரு. அதக் கேட்டப்பக்கூட அந்த மூடியத் திருக உங்களுக்கு மனசு வரலையாப்பா?

— வந்துச்சு. அன்னிக்குப் பாட்டிலக் கையில எடுத்துட்டேன். அப்புறம் குடுத்த வாக்க நெனச்சுத் திரும்ப வச்சுட்டேன்.

— யாருக்குக் குடுத்த வாக்கு?

— மாமா, வேணாம்.

— ஆயுசு முழுக்க நானே கெட்டவனா இருக்க முடியாது மாப்பிள்ள. செர்வா, கல்யாணத்துக்கு மொத நாள் எனக்கு ஒரு போன் வந்துச்சு. 'செர்வா நேர்ல வந்து நின்னு அவ வாயால சரின்னு சொல்ற வரைக்கும் அவ பாட்டிலத் திறக்காதீங்க'ன்னு கெஞ்சிக் கேட்டது இந்த மனுஷன்தான்.

— ஒபிரி. இந்தப் பக்கம் திரும்பு. நெசமா?

— நெசம்.

— ஏன்?

— சொன்னா கோவிச்சுக்குவ.

— இப்பவே கோவமாத்தான் இருக்கேன். சொல்லு.

— பாரு, நான் காகிதம் இல்லாதவன். என்னிக்குப் புடிச்சு விமானத்துல ஏத்துவாங்கன்னு தெரியாது. பாட்டில உடச்சுட்டா உன்னால லேசுல வெளிய வர முடியுமா? ரெண்டு வீடும் கூடணும், வாங்கினதத் திருப்பித் தரணும், நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நான் அங்க, நீ இங்க. எனக்காக நீ கட்டுப்பட்டுக் கெடக்க வேணாம்னு நெனச்சேன். உனக்குப் போகணும்னு தோணினா ஒரு வழி இருக்கட்டும்னுதான்.

— விண்ணப்பத்தத் தள்ளித் தள்ளிப் போட்டது?

— அதுவும் அதுக்குத்தான். நீ கையெழுத்துப் போட்டா மூணு வருஷத்துக்கு நான் உன் பொறுப்பு. நானே வேற ஊர்ல இருந்தாலும், நீ வேற ஆளப் பாத்தாலும் பொறுப்பு பொறுப்புதான்.

— இப்ப மட்டும் என்ன வந்துச்சு?

— ஆஸ்பத்திரில மயக்கம் தெளிஞ்சதும் நீ நர்சுகிட்ட மொத வார்த்தையா என்ன கேட்ட தெரியுமா? 'ஒபிரி சாப்பிட்டானா'ன்னு கேட்ட. சரி, இவ எங்கயும் போக மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு.

— மடையா.

— ஆமா.

— போக ஒரு வழி இருக்குன்னே தெரியாம நாலு வருஷம் உன்னோட குப்ப கொட்டியிருக்கேன் பாரு.

— தெரிஞ்சிருந்தா போயிருப்பியா?

— போயிருக்க மாட்டேன். வாரம் ஒரு தடவ போயிடுவேன்னு மிரட்டியிருப்பேன்.

— அம்மா, நான் இன்னும் லைன்லதான் இருக்கேன். அழறது முடிஞ்சதா? நான் வேணா பாட்டில எடுத்துட்டு வந்து இப்பவே கேட்டுடட்டுமா? மகளே, இத வாங்கி—

— நிறுத்துங்கப்பா. போன்ல கேட்டு நடக்கறதும் இங்க செல்லாது. இப்பத்தான் எல்லாம் ஒழுங்கா இருக்கு, கெடுத்துடாதீங்க. நாங்க நேர்ல வரோம். இவருக்குக் காகிதம் வந்ததும் ரெண்டு பேரும் வரோம். அப்பக் கேளுங்க, மூணு தடவயும் நானே சொல்றேன்.

— செர்வா, அப்ப எந்தக் கட்டத்துல...

— ரெண்டாவதுல போட்டாச்சு. அதுதான நெசம். நீ நர்சு கதை சொல்லிக்கிட்டு இருந்தப்பவே போட்டுட்டேன்.

— அப்ப என் கடுதாசி இனிமே வேணாம்ல? நல்லதாப் போச்சு.

— வேணும்ப்பா. இன்னிக்கே உக்காந்து எழுதுங்க. கல்யாணம் ஆச்சுன்னு எழுத வேணாம். ஏன் ஆகலைன்னு எழுதுங்க.