கழுவக் கூடாத கார்

ராத்திரி ரெண்டே கால் மணி. ஊருக்கு வெளியே போகிற ரோடு. ஒரே ஒரு விளக்குக் கம்பம்தான் எரிகிறது... அதன் அடியில், சாக்கடை ஓரமாக, ஒரு மனுஷர் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் சோபா கழுவுகிற மெஷினின் குழாய். சாக்கடைச் சேற்றை உறிஞ்சுகிறார். டேங்கைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் உறிஞ்சுகிறார்.

மூஞ்சியைச் சுளிக்காதீங்க. சாப்பிட்ட வயிற்றோடு கேட்கிற கதை இல்லைதான். ஆனால் அவர் குடிகாரர் இல்லை, புத்தி பேதலித்தவரும் இல்லை. என் கூட்டாளியின் அக்கா புருஷன். கூட்டாளி பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவன். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

மாமாவுக்குத் தொழில், வீடு வீடாகப் போய் சோபா, கார்ப்பெட், மெத்தை கழுவுவது. எந்தக் கறையானாலும், எந்த நாற்றமானாலும் எடுத்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அவர்களுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. வலி வந்த ராத்திரி, மெஷின் ஏற்றுகிற பழைய வேன் மேட்டில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை... அக்கா மறுபடியும் உண்டானதும் மாமா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பறக்கிற வண்டி வேணும் மாப்ள. பின்னாடி மெஷினும் படுக்கணும்."

வேகமும் வேண்டும், இடமும் வேண்டும் என்றால் ஸ்டேஷன் வேகன்தான், பின்பக்கம் நீண்ட கார். ஏழெட்டு வண்டி பார்த்தார்கள். ஒன்று புகை கக்கியது. ஒன்றில் பின்சீட்டு மடங்கவில்லை. ஒன்பதாவது வண்டி சாம்பல் நிறம். மிதித்தால் சீறியது. மெஷின் அளந்து வைத்த மாதிரி பின்னால் உட்கார்ந்தது. என்ஜின் ஆயில், டயர், பிரேக், எல்லாம் பார்த்தாயிற்று. குறை ஒன்றுதான்.

கதவைத் திறந்ததும் கூட்டாளிக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. நாள் கணக்கில் ஊறிப்போன துணி. கெட்ட முட்டை. அதற்கும் அடியில், சிக்குப் பிடித்த தலையின் எண்ணெய் வாடை...

"மாமா, வேணாம் மாமா. உள்ள யாரோ செத்திருக்காங்க."

"வாடை தானே மாப்ள? வைத்தியர் வீட்டுல வந்து தலைவலின்னு சொல்றியே!"

விற்றவர் மனைவி, வாசலில் கைக்குழந்தையோடு நின்றாள். குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டர். விற்றவர் சாவியை நீட்டும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழுவாதீங்க. கண்ணாடிய இறக்கிவிட்டு ஓட்டுங்க. பழகிடும்."

யாரிடம் சொல்கிறார்! மாமா சிரித்தே விட்டார்.

வண்டி ஏமாற்றவில்லை. வலி வந்த ராத்திரி அந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. நாலு கண்ணாடியையும் இறக்கியிருந்தும், அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டே முனகினாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

அன்று சாயங்காலமே மாமா மெஷினை எடுத்தார். பச்சைப் பிள்ளையை அந்த நாற்றத்திலா கூட்டிவருவது?

நாலு டேங்க் கறுப்புத் தண்ணீர் வந்தது, கஞ்சி மாதிரி கெட்டியாக. அதில் முடி. நரைமுடி, முழ நீளத்துக்கு, கற்றை கற்றையாக. எல்லாவற்றையும் அந்த விளக்குக் கம்பத்தடிச் சாக்கடையில் ஊற்றினார். வண்டிக்குள் தலையை விட்டு மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். சோப்பு வாசம். அவ்வளவுதான்.

பிள்ளையைக் கூட்டிவந்த முதல் ராத்திரி, அக்கா எழுப்பினாள்.

"ஏங்க... பாப்பாவ மோந்து பாருங்க."

உச்சந்தலையில் மூக்கை வைத்தார். ஊறிய துணி. கெட்ட முட்டை. எண்ணெய்ச் சிக்கு.

குளிப்பாட்டினார்கள். மறுபடியும் குளிப்பாட்டினார்கள். டாக்டர் தொப்புள் பார்த்தார், காது பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். சொல்லும்போதே ஜன்னலைத் திறந்துவிட்டார். மூன்றாம் நாள், பெற்றவளுக்கே பால் கொடுக்க முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக அழுதாள். பிள்ளையும் குடிக்கவில்லை. இளைத்துக்கொண்டே போனது.

மாமா, விற்றவருக்குப் போன் போட்டார். எடுத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"கழுவிட்டீங்களா?"

"ம்."

"எங்க ஊத்துனீங்க?"

"சாக்கடையில."

"நாங்க தோட்டத்துல ஊத்திட்டோம். மண்ணைத் தோண்டி எடுத்தோம். எதை எடுத்தீங்களோ, அதை வண்டிக்கே திருப்பிக் குடுத்துடுங்க. முடிஞ்ச வரைக்கும்."

அதனால்தான் அந்த ரெண்டே கால் மணி.

மூன்று ராத்திரி உறிஞ்சினார்கள். முடி கிடைத்தால் மாமா கையாலேயே பொறுக்கினார். கூட்டாளி ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். நாலு டேங்க் ஊற்றிய இடத்தில் மூன்றரைதான் தேறியது. தான் துலக்கி வைத்த வண்டிக் கார்ப்பெட்டில், தன் கையாலேயே மாமா ஊற்றினார். தண்ணீர் வழியவில்லை... உள்ளே இறங்கியது. மடக் மடக்கென்று, தாகமெடுத்த யாரோ குடிக்கிற மாதிரி சத்தம் கேட்டதாம். ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

விடிந்தபோது பிள்ளையிடம் பால் வாசம் அடித்தது. அக்கா அதன் தலையை மோந்து மோந்து சிரித்தாள். அது வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது.

மாமா இப்போதும் அந்த வண்டிதான் ஓட்டுகிறார், கண்ணாடியை இறக்கிவிட்டு. பாப்பாவுக்கு ரெண்டு வயசு. கொழுகொழுவென்று இருக்கிறாள்.

போன வாரம் நான் போயிருந்தேன். மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். இடது காதுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டர்.

"அடிபட்டுடுச்சா அக்கா?" என்றேன்.

அக்கா பாப்பாவைத் தன் பக்கம் திருப்பினாள். பிளாஸ்டர் மாற்றுகிற நேரம் போல. மெதுவாகப் பிரித்தாள். அடியில் சுருட்டி வைத்த மாதிரி ஒரே ஒரு நரைமுடி. அக்கா நுனியைப் பிடித்து இழுத்தாள். முழ நீளம் வந்தது. இன்னும் வந்துகொண்டே இருந்தது...

சொட்டச் சொட்ட ஈரமாக.