கோட்டை வாசலில் இரண்டு சம்பந்திகள்

— உக்காருங்க சம்பந்தி. நீங்க எந்திரிச்சு நின்னா மட்டும் என் பொண்ணும் உங்க பையனும் கோபுரத்துலேர்ந்து சீக்கிரம் எறங்கி வந்துடப் போறாங்களா?

— உக்காந்து உக்காந்து பெஞ்சே சூடாயிடுச்சு. மணி என்ன ஆகுது?

— மூணு நாப்பத்தேழு.

— அவங்க மேல ஏறினப்ப?

— மூணு மணி ரெண்டு நிமிஷம்.

— அதென்ன ரெண்டு நிமிஷம்? மூணு மணின்னு சொன்னா வாய் கோணிடுமா?

— முப்பது வருஷம் ரயில்வே விசாரணை கவுன்ட்டர்ல உக்காந்தவ நான். ரெண்டு நிமிஷத்த முழுங்கினா வண்டிய விட்டவன் வந்து சண்டைக்கு நிப்பான்.

— நான் முப்பது வருஷம் தையல் கடை வச்சவ. எங்க கடையில மணிக்கணக்கே கிடையாது. எப்ப வந்து கேட்டாலும் "நாளைக்கு வாங்க"தான்.

— இருநூத்திப் பன்னெண்டு படின்னு பலகையில போட்டிருக்கு. ஏற இருபது நிமிஷம், எறங்கப் பத்து நிமிஷம், மேல நின்னு பாக்கப் பத்து நிமிஷம். நான் தப்பா சொல்லல, இந்நேரம் வந்திருக்கணும்.

— மேல நின்னு பாக்க என்ன இருக்கு? அதே பச்சை, அதே ஆடு. அஞ்சு நாளா பச்சையப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. இது எத்தனாவது கோட்டை?

— ஆறாவது.

— எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. வெளிய ஒரு அகழி, உள்ள ஒரு குட்டைக் கட்டில், சுவத்துல மீச வச்ச ஒருத்தர் மொறைச்சுக்கிட்டு இருக்காரு.

— நேத்து அந்த ராணியோட கவுன் முன்னாடி அரை மணி நேரம் நின்னீங்களே.

— அதுல கை ஒட்டு சரியில்ல. தோள்ல சுருக்கம் விழுது. எவன் தைச்சானோ. அதப் போட்டுக்கிட்டு அவ எப்படித்தான் கையத் தூக்கினாளோ.

— மேல கூட்டமா இருக்கும். அதான் லேட்டு.

— என்ன கூட்டம்? நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். இவங்களுக்கு அப்புறம் ஏறினாங்களே நாலு பெரியவங்க, அவங்களே எறங்கி வந்து காபி குடிக்கப் போயிட்டாங்க. அதுல ஒருத்தர் ஊன்றுகோல் வச்சிருந்தாரு.

— மாப்ள ஃபோட்டோ எடுத்துக்கிட்டிருப்பாரு.

— கேமரா என் பையில இருக்கு சம்பந்தி.

— ஃபோன்ல எடுப்பாரு.

— நான் சொல்றத கேளுங்க. நீங்க நகத்தக் கடிக்கிறீங்க. அஞ்சு நாளா ஒரே ரூம்ல படுத்து எந்திரிக்கிறோம், ஒரு தடவ கூட நீங்க நகம் கடிச்சு நான் பாக்கல.

— குளிருது.

— குளிருனா கைய சட்டைப் பையில வைப்பாங்க. வாயில வைக்க மாட்டாங்க.

— நீங்க மட்டும் என்னவாம்? இதுவரைக்கும் பதினோரு தடவ எந்திரிச்சு உக்காந்துட்டீங்க. முட்டி வலிக்குதுன்னு சொல்லித்தானே கீழ நின்னீங்க?

— வலி போயிடுச்சு.

— வந்தாத்தானே போறதுக்கு. முந்தாநேத்து அந்தக் குன்னுல எங்க எல்லாருக்கும் முன்னாடி ஏறி நின்னு கைய ஆட்டினீங்க.

— சரி, நீங்க ஏன் நின்னீங்க?

— உங்களுக்குத் தொணைக்கு.

— பொய்.

— நான் எதுக்குப் பொய் சொல்லணும்?

— சம்பந்தி, உங்க பொண்ணு உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கா?

— ஒண்ணும் சொல்லலையே. உங்க பையன் ஏதாவது சொன்னாரா?

— இல்லையே.

— அப்ப சரி.

— சரி.

— மூணு அம்பத்தொண்ணு.

— நான் கேக்கவே இல்லையே.

— வாயில வந்துடுச்சு.

— ஓட்டல்ல என் பையன் மூணு சாவி வாங்கினான். நமக்கு ஒண்ணு. மிச்சம் ரெண்டு எதுக்கு? நானும் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க. பாத்துட்டு ரெண்டு பேரும் சன்னல் பக்கம் திரும்பி ஏரி ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னோம். வெளிய பனி மூட்டம். ஏரியே தெரியல.

— மாப்ளைக்கு ராத்திரி ஆபீஸ் வேலை இருக்கும்னு நெனைச்சேன்.

— லீவு போட்டு வந்தவனுக்கு என்ன ஆபீஸ்? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க.

— யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா சம்பந்தி.

— என்கிட்டயும்தான். என் கையப் பிடிச்சு அவன் தலை மேல வச்சுக்கிட்டு வாங்கினான். "அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா, தாங்க மாட்டாங்க"ன்னான்.

— அவளும் அதேதான் சொன்னா. "அத்தை தாங்க மாட்டாங்க"ன்னு.

— இதுல மட்டும் என்ன ஒத்துமை பாருங்க.

— உங்களுக்கு எப்பத் தெரியும்?

— மூணு மாசமாச்சு. உங்களுக்கு?

— நாலு மாசம் பத்து நாள்.

— அடப்பாவமே. வாராவாரம் ஞாயித்துக்கெழம ஃபோன்ல பேசினோமே. "புள்ளைங்க எப்படி இருக்காங்க", "ரொம்ப நல்லா இருக்காங்க"ன்னு. போன மாசம் அவங்களுக்குக் கட்டில் விரிப்பு தைச்சுக் குடுங்கன்னு அளவு அனுப்பினீங்க. ரெட்டைக் கட்டில் அளவு. தெரிஞ்சுக்கிட்டே அனுப்பியிருக்கீங்க.

— நீங்களும் தெரிஞ்சுக்கிட்டேதான தைச்சீங்க?

— ஓரம் மடிக்கிறப்ப கை ஓடல. நாலு தடவ பிரிச்சேன்.

— நீங்க தைச்சுக் குடுத்தத அவங்களுக்கு அனுப்பப் போனப்ப எனக்கும் தபால் ஆபீஸ்ல விலாசம் எழுத வரல. ரெண்டு பேர் பேரையும் சேத்து எழுதறதா, ஒருத்தர் பேர் மட்டும் எழுதறதான்னு நின்னுக்கிட்டே இருந்தேன்.

— பிரியறதுன்னா கோர்ட்டு, வக்கீல்னு எல்லாமா?

— அவ அந்த வார்த்தைய வாயால சொல்லல. "இனிமே சேந்து இருக்க வேண்டாம்னு யோசிக்கிறோம்மா"ன்னா. இன்னைக்குக் காலையில நான் பல் தேய்க்கறப்ப வந்து நின்னா. "இன்னைக்குக் கோபுரத்து மேல போயி நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிடறோம். எதுவா இருந்தாலும் கீழ வந்து உங்க ரெண்டு பேர்கிட்டயும் சேத்தே சொல்லிடறோம்"னா. அதுக்குத்தான் நின்னேன்.

— அவன் எனக்கு ரெண்டே வார்த்தையில சொன்னான். "முட்டி வலின்னு சொல்லிடும்மா"ன்னு. எதுக்குடான்னேன். ஷூ கயித்தக் கட்டக் குனிஞ்சுக்கிட்டான். எனக்குப் புரிஞ்சு போச்சு.

— பாவம் மாப்ள.

— பாவம்தான், ரெண்டும் பாவம்தான். இதச் சொல்லறதுக்கு இவ்வளவு தூரம் ஏரோப்ளேன் ஏத்திக் கூட்டிட்டு வரணுமா? ஃபோன்ல சொல்லித் தொலைச்சா ஆகாதா?

— கடைசியா ஒரு தடவ நாலு பேரும் சேந்து எங்கயாவது போயிட்டு வரணும்னு அவளுக்கு ஆசை.

— நல்ல ஆசை. சுத்திப் பாக்க வந்தவங்க மாதிரி இளிச்சுக்கிட்டு ஆறு கோட்டை முன்னாடி ஃபோட்டோவுக்கு நின்னிருக்கேன். சனியன், ஒவ்வொரு ஃபோட்டோவுலயும் எனக்குக் கண்ணு மூடியிருக்கு.

— யார் மேலயாவது கோவப்பட முடிஞ்சா நல்லா இருக்கும் சம்பந்தி. நான் தப்பா சொல்லல. மாப்ள குடிச்சாரு, அடிச்சாருன்னா நான் வரிஞ்சு கட்டிக்கிட்டு எறங்கியிருப்பேன். "நல்லவன்தாம்மா"ங்கறா. நல்லவன விட்டுட்டு ஏன்டி வரேன்னு கேட்டா அவளுக்கே தெரியல.

— அவனுக்கு ஒரு ஊர்ல வேலை, அவளுக்கு ஒரு ஊர்ல வேலை. வாரத்துல ஒரு நாள் பாத்துக்கிட்டா அது என்ன குடித்தனம்? அவன் விட்டுட்டு வரக் கூடாதா? இல்ல அவதான் விடக் கூடாதா? சரி, நான் மேல போறேன்.

— எங்க போறீங்க? உக்காருங்க.

— நடுவுல போயி நின்னுட்டேன்னா பேச மாட்டாங்க. பேசலேன்னா முடிவு இல்ல. நாளன்னைக்கு நமக்கு ஃப்ளைட். ரெண்டு நாள் ஓட்டிட்டோம்னா போதும். ஒத்தி வச்சா பாதிச் சண்டை தானா ஓஞ்சுடும்.

— இருநூத்திப் பன்னெண்டு படி சம்பந்தி.

— ஏறுவேன். முட்டி வலிதான் இல்லேன்னு ஆயிடுச்சே.

— நாலு மணிக்கு மேல ஏற விட மாட்டாங்க. அதோ பாருங்க, காவக்காரர் சங்கிலிய எடுத்து மாட்டறாரு.

— அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறேன்.

— எந்த பாஷையில?

— அழுது காட்டினா எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்.

— என் மானத்த வாங்காதீங்க. அவர் ஏற்கெனவே நம்மளத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. வாங்க, வந்து உக்காருங்க. அவங்க பேசட்டும்.

— உக்காந்துட்டேன், போதுமா? ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு. காலையில கார்ல பாத்தீங்கல்ல?

— பாத்தேன். தலைய நிமுத்தாம உக்காந்திருந்தேன். "அறிவிருக்காடா உனக்கு, லெஃப்ட்டுன்னா இந்தப் பக்கம்டா"ன்னு கத்தறா. கட்டின புருஷன். "டா" போட்டுப் பேசாதேன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன் அவகிட்ட.

— அவன் மட்டும் சும்மாவா இருந்தான்? "மேப்பத் தலைகீழா வச்சுக்கிட்டு வழி சொல்றா பாரு, நீயே வந்து ஓட்டுடி"ன்னான். நாப்பது நிமிஷம். எனக்கு வயித்துல பால வார்த்த மாதிரி இருந்துச்சு.

— சண்டைக்கா?

— சண்டைக்குத்தான். பிரியணும்னு நெனைக்கிறவன் மேப்புக்காகவா மல்லுக்கு நிப்பான்? நேத்து சன்னல் கண்ணாடிய ஏத்தறதா எறக்கறதான்னு சண்டை. அதுக்கு முந்தின நாள் அவ தொப்பிய அவன் காத்துல விட்டுட்டான்னு சண்டை. காலேஜ்ல ஒரே பெஞ்சுல உக்காந்ததுலேர்ந்து ரெண்டும் இப்படித்தான். நூல் இழுத்துப் பிடிக்கிற வரைக்கும் துணி சேந்துதான் இருக்குன்னு அர்த்தம்.

— எங்க வீட்ல அவரும் நானும் சண்டையே போட்டதில்ல.

— பாத்தீங்களா.

— என்ன பாத்தீங்களா?

— ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்.

— நீங்க சொன்னது சரிதான். எங்களுக்குள்ள சண்டை போடற அளவுக்குப் பேச்சே கிடையாது. அவரு போற வரைக்கும் அப்படியே ஓடிடுச்சு.

— அட, அத நான் கிளறணும்னு கேக்கல சம்பந்தி.

— ரெண்டு வருஷமா அவ ஃபோன் பண்ணி அழுவா. நான் "சரியாயிடும், சரியாயிடும்"பேன். கவுன்ட்டர்ல உக்காந்து "வண்டி வரும், காத்திருங்க"ன்னு சொல்லுவேனே, அதே கொரல்ல. சில நாள் வண்டி ரத்துன்னு எனக்கு முன்னாடியே தெரியும். மேலேர்ந்து தகவல் வர்ற வரைக்கும் சொல்லக் கூடாது, அதான் சட்டம். ஜனங்க மூட்டையும் முடிச்சுமா உக்காந்திருக்கும். என் பொண்ணையும் அப்படித்தான் உக்கார வச்சேன்.

— பெத்தவ வேற என்ன சொல்லுவா?

— என்னன்னாவது கேட்டிருக்கலாம். ஒரு தடவ கிளம்பிப் போயிருக்கலாம்.

— நான் மட்டும் போனேனா? அவன் ஃபோன்ல பாதிப் பேச்சுல நிறுத்துவான். "அப்புறம்?"னு கேக்காம சாப்பிட்டியான்னு கேப்பேன். கேட்டா சொல்லிடுவானோன்னு பயம்.

— எனக்கு இன்னொரு பயம் இருக்கு. சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— அவங்க பிரிஞ்சுட்டா, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு எனக்கு யாரு ஃபோன் பண்ணுவா?

— இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

— பொண்ணு வாழ்க்கை என்ன ஆகுமோன்னு துடிக்க வேண்டியவ, என் ஃபோனப் பத்திக் கவலைப்படறேன். வெக்கமா இருக்கு.

— எனக்கு மட்டும் யாரு இருக்கா? கடைய மூடினதுலேர்ந்து வாரத்துல ஆறு நாள் டிவிக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன். ஆனா நாளைக்கு நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு உங்களுக்கு ஃபோன் பண்றது? உங்க பொண்ணு வேணாம்னு வந்த பையனோட அம்மா நான். பண்ணினா நீங்க எடுப்பீங்களா?

— எடுப்பேனான்னு... இருங்க. காலடி சத்தம் கேக்குது.

— எனக்குக் கேக்கல. மெஷின் ஓட்டி ஓட்டி இந்தப் பக்கத்துக் காது மந்தம். அவங்கதானா?

— அவங்கதான். இன்னும் கொஞ்சம் மேல, படி வளையற எடத்துல. பேசிக்கிட்டே எறங்கறாங்க.

— சண்டையா?

— இல்ல.

— நல்லாக் கேளுங்க. சில நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு மெதுவாச் சண்டை போடுவாங்க.

— இல்ல சம்பந்தி, சாந்தமா பேசறாங்க. மாப்ள சிரிக்கிறாரு.

— அப்பாடி. என்ன சொல்றான்?

— "இங்க வழுக்குது, பாத்து வாங்க"ன்னாரு.

— யார்கிட்ட?

— அவகிட்டதான். வேற யாரு இருக்கா? அவளும் "பரவாயில்ல, நீங்க முன்னாடி போங்க"ங்கறா. தலைகீழா நின்னு சொன்னப்பல்லாம் கேக்கல, இன்னைக்குத்தான் புத்தி வந்திருக்கு. எவ்வளவு மரியாதையா... ஏன், என்னாச்சு? முட்டி நெஜமாவே வலிக்குதா?

— "வாங்க"ன்னானா?

— ஆமா. அவளும் "போங்க"ன்னுதான் சொன்னா. சண்டையே இல்ல, நல்லபடியாத்தான் பேசிக்கிறாங்க. நீங்க ஏன் என் கைய இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க? ரெண்டு பேரும் அவ்வளவு மரியாதையா, யாரோ மாதிரி... ஐயோ.

— அழாதடி. கண்ணத் தொடைச்சுக்கோ, கிட்ட வந்துட்டாங்க.