அந்த ஒரு 'ட'

ஒரு அதிகாரி பாட்டிலத் தூக்கிட்டு வந்தான்யா! சண்டை பழகுற கூடத்துக்கு! "சாம்பிள் எடுக்கணும்"ங்கிறான். எதுலடா எடுப்ப, என் மக வேர்வையிலயா? எடுத்தான்யா! தரை மெத்தைய மிதிச்சுப் பிழிஞ்சு எடுத்தான்!

தள்ளி உக்காருங்க. கவர்மென்ட் ஆபீஸ் பெஞ்சு, பொது.

என் மக சண்டைக்காரி. வாயால இல்ல, கையால. வாயும் உண்டு, அத விடுங்க. குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த ஆட்டம். ஞாயித்துக்கிழமை அதே கூடத்துல பட்டத்துக்கு மோதுறா. அரசாங்கம் இத விளையாட்டுன்னு ஒத்துக்கணும். இல்லேன்னா அடிதடி கேஸு. ஜெயிச்சவ ஜெயிலு, தோத்தவ ஆஸ்பத்திரி.

மனு போட்டோம். குத்துச்சண்டைச் சங்கத்துக்காரன் "குத்து எங்களுது"ன்னான். மல்யுத்தச் சங்கத்துக்காரன் "பிடி எங்களுது"ன்னான். உதைக்கும் ஒருத்தன் வந்தான்! மூணு பேரையும் மக சமாளிச்சா. வாயாலதான்.

அப்புறம் மனு எங்க போச்சு? உணவுக் கலப்படத் தடுப்புக்கு! இந்தா, ரிப்போர்ட்டு. "உப்பு அதிகம். உண்ணத் தகுதியற்றது." முத்திரையோட! அங்கீகாரம் கேட்டதுக்குக் கிடைச்ச மொத முத்திரை இதுதான்.

சிரிக்காதீங்க. மனுவுல, ஆட்டத்தோட பேர்ல 'கலப்பு'ன்னு இருக்கவேண்டிய இடத்துல 'கலப்பட'ன்னு இருந்துச்சாம். கலப்படத் தற்காப்புக் கலை.

யாரு எழுதினதா? ...ம். அந்த 'ட'வப் போட்டது... நான்தான்யா! "அப்பா, நான் எழுதறேன்"னா. "எனக்கே எழுத்துச் சொல்லித் தர்றியா?"ன்னேன். இப்ப பேசறதில்ல. நான் எதிர்ல வந்தா கையுறைய மாட்டிக்கிறா.

இன்னைக்கு மூணு மணிதான் கெடு. புது மனு ஃபாரம். கண்ணாடிய வேற வீட்டுல விட்டுட்டேன். இருந்தாலும் எழுதிட்டேன். பாருங்க... 'கலப்புத் தற்காப்புக் களை'. 'ட' இருக்கா? இல்ல!

என்ன 'ல'வா? எந்த 'ல'? யோவ், நீ என்ன வாத்தியாரா? 'ல'வும் 'ள'வும் அண்ணன் தம்பி. அட, கைய எடுய்யா! ...இந்தாங்க சார். கவுன்டர்ல வாங்கிட்டாரு. முத்திரையும் குத்திட்டாரு. பாத்தியா?

எங்கய்யா எந்திரிச்சுப் போற? உன்னத்தான்!

...என்ன சார் கூப்பிட்டீங்க? எந்தத் துறைக்கு அனுப்பிட்டீங்க? விவசாயமா! என்னது... ஞாயித்துக்கிழமை ஆள் வருமா? கூடத்துக்கா? களைக்கு மருந்தடிக்கவா?

ஐயய்யோ... கையுறைய மாட்டிடுவாளே!